வரி தப்பாத அட்டவணை பிறந்த கதை

1831-இல் லண்டனில் சார்லஸ் பாபேஜ் 21 தொகுதிகள் கொண்ட ஒரு நூலை அச்சிட்டார். அச்சானது ஒரே ஒரு படி. எந்தத் தொகுதியைப் புரட்டினாலும் உள்ளே இருப்பது ஒன்றேதான்: அவர் முன்பே வெளியிட்டிருந்த மடக்கை அட்டவணையின் அதே இரண்டு பக்கங்கள். மாறியதெல்லாம் தாளும் மையும். 151 வகை வண்ணத் தாள்கள். வெளிர்நீலம், கருநீலம், வெளிர்பச்சை, கரும்பச்சை, ஆலிவ், மஞ்சள், வெளிர்சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா, கறுப்பு என்று பத்து மைகள். கடைசித் தொகுதியில் பொன், வெள்ளி, செம்பு நிற அச்சு வேறு. எந்தத் தாளில் எந்த மையால் எண்களை அடித்தால் கண் குறைவாகக் களைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். கணினியின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் மனிதர், கணக்கைவிடக் கணக்கு கண்ணில் படும் விதத்துக்கு இவ்வளவு செலவழித்தார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

மடக்கை அட்டவணை என்றால் என்ன என்று நாற்பது வயது தாண்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். பரீட்சைக்குக் கிளார்க்ஸ் டேபிளோடு போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மற்றவர்களுக்கு: பெரிய பெருக்கலைக் கூட்டலாக மாற்றித்தரும் எண்களின் தொகுப்பு அது. 1614-இல் ஜான் நேப்பியர் வழிகாட்டினார். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்காரர், நில அளவையர், வானியலார், காப்பீட்டுக் கணக்கர் எல்லோரும் அந்தப் புத்தகங்களை வைத்தே பிழைத்தார்கள்.

அந்தப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே போய், ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, வெளியே வந்துவிடுகிறார்கள். இடது ஓரத்தில் 20 என்ற வரியைப் பிடித்துக் கிடையாக ஓட வேண்டும். மேலே தலைப்பைப் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்க வேண்டும். போகும் வழியில் கண் ஒரு வரி சறுக்கினால் 3010 கிடைக்க வேண்டிய இடத்தில் 3222 கிடைக்கும். வாக்கியத்தில் ஒரு சொல் தவறினால் பொருள் காட்டிக்கொடுத்துவிடும். அட்டவணையில் பக்கத்து வீட்டு எண்ணும் நம் எண்ணைப் போலவே உடுத்திக்கொண்டு நிற்கிறது. எடுத்தவருக்குத் தவறு தெரியாது. கப்பல் தரைதட்டும்போது தெரியலாம்.

இந்தச் சறுக்கலைத் தடுக்க மனிதர்கள் செய்த ஏற்பாடுகளின் வரிசைதான் அட்டவணையின் வரலாறு. இன்று வங்கிச் செயலியிலும் அரசு இணையதளத்திலும் அட்டவணை அமைப்பவர்கள் கையாளும் உத்திகளில் பெரும்பாலானவை திரை பிறப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. திரைக்கு வந்தபோது அவற்றில் பாதி தொலைந்துபோய், திரும்பத் தேடவேண்டி வந்தது.

பழைய சான்று வேண்டுமென்றால், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிளிம்ப்டன் 322 என்ற களிமண் பலகை இருக்கிறது. பண்டைய மெசபடோமியாவின் லார்சா நகரத்தைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. வயது ஏறத்தாழ 3,800 ஆண்டுகள். செங்கோண முக்கோணங்களின் எண்கள் அதில் இருப்பதால் கணித வரலாற்றாசிரியர்கள் அதை விடாமல் ஆராய்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் உள்ளடக்கத்தைவிட அதன் வடிவம். 15 வரிகள், 4 பத்திகள், பத்திகளுக்கு இடையே கோடு, ஒவ்வொரு பத்திக்கும் மேலே தலைப்பு. கடைசிப் பத்தியில் கணக்கு எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரி எண் மட்டும். அந்தப் பத்திக்குத் தலைப்பு ‘அதன் பெயர்’ என்று பொருள்படும். கணக்குக்குத் தேவையே இல்லாத ஒரு பத்தி, வரி தப்பாமல் இருப்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. லார்சாவின் கோயில், அரண்மனைக் கணக்கர்கள் தானியத்துக்கும் ஆட்டுக்கும் எழுதிய பதிவேடுகளிலும் இதே அமைப்பு உண்டு. கணக்குப்பிள்ளையின் பழக்கத்தைத்தான் கணித அறிஞர் கடன்வாங்கியிருக்கிறார்.

பாபேஜுக்கு வருவோம். 1821-இல் அவரும் நண்பர் ஜான் ஹெர்ஷலும் இரண்டு பேர் தனித்தனியே போட்ட வானியல் கணக்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிழைக்குமேல் பிழை. சலித்துப்போன பாபேஜ், இதையெல்லாம் நீராவி செய்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார் என்பது பிரபலமான கதை. பிறகு பழைய மடக்கை நூல்களைத் தோண்டிப் பார்த்தார். 1628-இல் ஹாலந்தின் அட்ரியான் விளாக் வெளியிட்ட அட்டவணையில் இருந்த ஆறு பிழைகள், லண்டன் ராயல் சொசைட்டியின் நூலகத்தில் இருந்த சீன மடக்கை நூலிலும் அப்படியே இருந்தன. ஆறும் அதே இடத்தில்! ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்ததற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டாம்.

கணக்கில் பிழை, அச்சுக் கோப்பதில் பிழை, படிப்பவர் கண்ணில் பிழை என்று மூன்று வாசல் வழியே தவறு நுழைகிறது என்று கண்டவர் பாபேஜ். அதனால் அவர் திட்டமிட்ட வித்தியாசப் பொறி கணக்கை மட்டும் போட்டுவிட்டு ஓய்வதில்லை. தானே அச்சுக்கான வார்ப்பையும் எடுத்துவிடும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய இரண்டாம் வித்தியாசப் பொறியை அவருடைய வரைபடங்களின்படியே கட்டிப் பார்த்தது; கணக்குப் பகுதி 1991-இல் முடிந்தது, அச்சுப் பகுதி 2002-இல். மொத்தம் சுமார் 8,000 உறுப்புகள். அதில் பாதி கணக்குக்கு, பாதி அச்சுக்கு. எத்தனை பத்தி, பத்திகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, வரிகளுக்கிடையே எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் மாற்றி அமைக்கலாம். சில வரிகளுக்கு ஒருமுறை ஒரு வெற்று வரி விடும்படியும் பொறியைத் திருப்பிவைக்கலாம். கண் இளைப்பாறவும், எண்ணாமலேயே இடம் தெரிந்துகொள்ளவும் அந்த வெற்று வரி. இன்று ஐம்பது வரிகளை மூச்சுவிடாமல் அடுக்கும் மென்பொருளைப் பார்க்கும்போதெல்லாம் வெண்கலச் சக்கரங்களால் செய்த அந்த வெற்று வரி நினைவுக்கு வரும்.

கண்ணே தேவைப்படாத அட்டவணையும் அந்தக் காலத்தில் இருந்தது, அதுவும் நம் ஊரில். 1825-இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜான் வாரன் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கிச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். கையில் ஏடு இல்லை. அட்டவணை முழுவதும் அசைகளாகவும் சொற்களாகவும் மனப்பாடமாக இருந்தது. அவர் சொன்ன கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பொழுது 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் விலகின. வரி தப்பும் சிக்கலுக்கு இது வேறு வகைத் தீர்வு. பக்கமே இல்லையென்றால் கண் எங்கே சறுக்கும்? ஆனால் அந்தச் சொற்களை மனத்தில் ஏற்றிக்கொள்ள ஆண்டுக்கணக்காகும்; அச்சுப் புத்தகத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

அச்சிலோ எண்ணின் உருவமே ஒரு வழக்காகிவிட்டது. பழைய ஐரோப்பிய அச்சில் 3, 4, 5, 7, 9 ஆகியவை வரிக்குக் கீழே வால் நீட்டும். 6, 8 தலை தூக்கும். மற்றவை குள்ளமாக நடுவில் நிற்கும். 1788 வாக்கில் லண்டனில் ஜான் பெல்லின் எழுத்து வார்ப்பகத்துக்காக ரிச்சர்ட் ஆஸ்டின் ஏறக்குறைய ஒரே உயர எண்களைச் செதுக்கினார். பார்க்க ஒழுங்காக இருந்ததால் அடுத்த நூற்றாண்டில் அந்தப் பாணி எங்கும் பரவியது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் தர்க்கவியலின் பெரும்புள்ளி அகஸ்டஸ் டி மார்கன். எல்லா எண்களும் ஒரே உயரத்தில் நின்றால் ஒன்றை மற்றொன்றாகக் கண் எடுத்துக்கொள்ளும். தலையும் வாலும்தான் அடையாளம் என்பது அவர் கட்சி. டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனவர். பிறந்த சில வாரங்களிலேயே ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். எண்ணின் தெளிவைப் பற்றிப் பேச இவரைவிட உரிமை யாருக்கு? அவருக்குப் பிறகு 1930-களில் பிரிட்டனின் கடல்வழிப் பஞ்சாங்க அலுவலகத்தை நடத்திய எல். ஜே. காம்ரியும் தலைவால் எண்களுக்காக வாதாடினார்.

வழக்கில் அவர்கள் தோற்றார்கள். இன்று திரையில் நாம் காணும் எண்கள் பெரும்பாலும் ஒரே உயரம். என் கணிப்பில் இதில் பெரிய நஷ்டம் இல்லை. திரையின் எழுத்துகள் சிறியவை, வால் நீட்ட இடம் குறைவு. நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. ஈய எழுத்துக் காலத்தில் எண்களை வழக்கமாக ஒரே அகலத்தில்தான் வார்ப்பார்கள். ஒன்றாம் எண் ஒல்லியானாலும் எட்டின் இடத்தையே அதற்கும் கொடுப்பார்கள். அதனால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒன்றுகளுக்கு நேர்கீழே ஒன்று, பத்துகளுக்கு நேர்கீழே பத்து. படிக்காமலேயே நீளத்தைப் பார்த்து எது பெரிய தொகை என்று சொல்லிவிடலாம். கணினியில் அழகுக்காக அகலம் மாறும் எண்கள் கொண்ட எழுத்துருக்களும் வந்தன. அவற்றில் 1,111 என்பது 888 அளவுக்குச் சுருங்கித் தெரியும். சமஅகல எண்கள் வேண்டும் என்று எழுத்துருவைக் கேட்டுப் பெறும் வசதி இப்போது உலாவிகளில் உண்டு. கேட்கத்தான் ஆள் குறைவு.

திரைக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் இருந்தது. 1959-இல் வந்த ஐபிஎம் 1403 வரி அச்சுப்பொறி ஒரு வரிக்கு 132 எழுத்துகள் அடித்தது. அவ்வளவு அகலத்தைக் கிடையாகக் கடக்கும்போது கண் சறுக்காமல் இருக்க, இவ்வகைப் பொறிகளுக்கான மடிப்புத் தாளில் வெளிர்பச்சையும் வெள்ளையுமாகப் பட்டைகள் அச்சிட்டிருந்தார்கள். அலுவலகங்களில் அந்தப் பச்சைப்பட்டைக் காகிதக் கட்டுகளைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பட்டை ஒன்றில் சாதாரணமாக மூன்று வரிகள் அடங்கும். மேல்வரி, நடுவரி, கீழ்வரி என்று கண் தானே இடம் குறித்துக்கொள்ளும். இந்தப் பட்டை திரைக்கு வந்தபோது ஒரு வரி விட்டு ஒரு வரி சாயம் பூசும் வழக்கமாக மாறி, வரிக்குதிரை என்று பெயரும் பெற்றது. 2008-இல் ஆஸ்திரேலியாவின் ஜெஸிகா எண்டர்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். சாயம் பூசிய அட்டவணையில் விடை தேடும் வேகமும் துல்லியமும் பெரிதாக உயரவில்லை. ஆனால் எது பிடிக்கிறது என்று கேட்டால் மக்கள் பட்டையையே விரும்பினார்கள். நாலைந்து பத்திகளே உள்ள சிறிய அட்டவணைக்குப் பட்டை அலங்காரம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். 132 எழுத்து அகலம் வரும்போது அதன் அருமை தெரியும்.

இனித் திரை. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர், ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு நிதிக் கணக்கு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். பலகையே தானாகத் திருத்திக்கொண்டால் என்ன என்று தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுதினார். 1979-இல் ஆப்பிள் டூ கணினிக்கு விசிகால்க் வந்தது.

அது செய்த கணக்கின் பெருமையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதன் திரை பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். ஆப்பிள் டூ திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள், மொத்தம் 24 வரிகள். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் கிடையாது. மேலும் கீழும் போக அம்புக்குறி விசையே இல்லை. இடமும் வலமும் மட்டும் இருந்தன, இடைவெளிப் பட்டையைத் தட்டினால் அதே விசைகள் மேலும் கீழுமாக வேலைசெய்யும். இந்தச் சிறைக்குள் 63 பத்திகளும் 254 வரிகளும் கொண்ட தாளைக் காட்ட வேண்டும். வரி எண்ணுக்கு 3 எழுத்து, பத்திக்கு 9 எழுத்து என்று வைத்தால் 4 பத்திகள்தான் கொள்ளும். மேலே கட்டளைக்கும் தலைப்புக்கும் போக 20 வரிகள் மிஞ்சும். 16,002 கட்டங்களில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 80. காகிதத்தில் எழுதிய எவருக்கும் வராத சங்கடம் இது. காகிதப் பேரேட்டில் தலைப்பு ஓடிப்போகாது. திரையிலோ இருபத்தோராவது வரிக்கு இறங்கியதும் தலைப்பு மேலே மறைந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் எண் சம்பளமா வாடகையா என்பது தெரியாது.

விசிகால்க் இதற்கு ஒரு கட்டளை வைத்தது. சாய்கோட்டையும் டி எழுத்தையும் தட்டினால் மேல்வரிகளையோ இடது பத்திகளையோ இரண்டையுமோ நிறுத்திவைக்கலாம். மற்றவை அவற்றுக்கு அடியில் ஓடும். திரையை இரண்டாகப் பிளந்து, தாளின் இரண்டு தூர மூலைகளை அருகருகே வைத்துப் பார்க்கவும் வழி இருந்தது. எழுத்துகள் தாமாக இடப்பக்கம் ஒட்டும், எண்கள் தாமாக வலப்பக்கம் ஒட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் விசிகால்க் அதை நறுக்கிக் காட்டாது. கட்டம் முழுக்கக் குறிகளை நிரப்பி, இடம் போதவில்லை என்று கத்திவிடும். எக்ஸெல் இன்று காட்டும் #### என்ற வேலிக்குறிகள் அந்த நேர்மையின் வாரிசு. பெயரை நறுக்கி மூன்று புள்ளி வைத்தால் ஊகித்துக்கொள்ளலாம். தொகையை நறுக்கினால் அது வேறு தொகை.

அதன்பிறகு இணையம் வந்து கதையைப் பின்னோக்கி ஓட்டியது. டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் வலைப்பக்கங்களில் அட்டவணைக்கு இடமில்லை. 1993-இல் டேவ் ரேகெட் அதற்கான முன்வரைவை எழுதினார். 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி அட்டவணையைக் காட்டத் தொடங்கியது. ஒவ்வொரு எண்ணையும் சுற்றிப் புடைத்த எல்லைக்கோடு, நாற்புறமும் சிறைச்சுவர் போல. எண்ணைவிடக் கோடுதான் முதலில் கண்ணில் அடிக்கும். அதைவிட மோசமாக, பக்கத்தை அழகாக அடுக்க வேறு வழி இல்லாததால், வடிவமைப்பாளர்கள் படத்தையும் பட்டியலையும் விளம்பரத்தையும் கோடு தெரியாத அட்டவணைக் கட்டங்களுக்குள் திணித்தார்கள். எண்களுக்காகப் பிறந்த ஒன்று பல ஆண்டுகள் பக்கம் தாங்கும் சட்டமாக உழைத்தது.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லுக்கு 1997 டிசம்பரில் வந்த நான்காம் தரநூல் நல்ல எண்ணங்களோடு இருந்தது. தலைப்புப் பகுதி, உடற்பகுதி, அடிப்பகுதி என்று அட்டவணையைப் பிரித்தது. தலைப்பு நிற்க உடல் மட்டும் நகரலாம் என்றது. தசமப் புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தவும் ஒரு வசதி எழுதியிருந்தது. முன்னணி உலாவிகள் அந்தத் தசமப்புள்ளி வசதியை நிறைவேற்றவே இல்லை. பின்னர் அது வழக்கொழிந்தது என்று தரநூலிலிருந்தே நீக்கினார்கள். நிற்கும் தலைப்பு ஒருவழியாக 2010-களில், ஒட்டிநிற்கும் பாணிக் கட்டளை பரவியபிறகுதான் எளிதானது. 1979-இன் ஆப்பிள் டூவில் சில விசைகளிலேயே கிடைத்த வசதி அது.

தசமப் புள்ளிக்கு இன்றும் செய்வது கைவைத்தியம்தான்: எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு தசம இடங்கள் கொடுத்து, சமஅகல எண்களில் வலப்பக்கம் ஒட்டவைப்பது. பலர் இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. அத்தனை இலக்கங்கள் எதற்கு? 1977-இல் பிரிட்டனின் புள்ளியியலாளர் ஏ. எஸ். சி. ஏரன்பெர்க் இதையே வலியுறுத்தினார். ஒப்பிட வேண்டிய எண்களை இரண்டு முக்கிய இலக்கங்களுக்கு முழுமையாக்குங்கள். பக்கவாட்டில் பரப்பாமல் மேலும் கீழுமாக அடுக்குங்கள். அகரவரிசையை விட்டு அளவுவரிசையில் வையுங்கள். சராசரியைக் கூடவே தாருங்கள் என்றார். வங்கிக் கணக்கில் பைசாவை முழுமையாக்க முடியாதுதான். ஆனால் மாவட்டவாரியான எழுத்தறிவு விகிதத்துக்கு இரண்டு தசமம் எவருக்கும் பயன்படாது.

தமிழில் அட்டவணை அமைப்பவருக்குத் தனித் தலைவலிகள் உண்டு. ‘விண்ணப்பம் பெறப்பட்ட நாள்’ என்ற தலைப்பின் கீழே பத்து எழுத்துத் தேதி உட்கார்ந்திருக்கும். தலைப்பே பத்தியை அகலமாக்கிவிடும். அதை இரண்டு வரியாக மடித்துப் போடுவதே நல்லது. மேலும், லட்சத்தில் எண்ணும் நமக்கு 1,234,567 என்று மேற்கத்திய முறையில் காற்புள்ளி வைத்தால், கண் ஒருமுறை நின்று வலமிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். 12,34,567 என்று காட்டும் வசதி உலாவியிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத விலைப்பட்டியல்கள் இங்கே ஏராளம்.

செல்பேசி எல்லாவற்றையும் மறுபடி நாற்பது எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. நிமிர்த்திப் பிடித்த திரையில் வசதியாகப் படிக்க ஒரு வரிக்குக் கொள்வது அவ்வளவுதான். பெரும்பாலான செயலிகள் இதற்கு ஒவ்வொரு வரியையும் ஒரு சீட்டாக உடைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகின்றன. என் ரயில் டிக்கெட் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் சீட்டு நல்ல வசதி. ஐந்து ரயில்களில் எது சீக்கிரம் போய்ச்சேரும் என்று ஒப்பிட வந்தவருக்கு அது கண்கட்டு; முதல் சீட்டின் நேரத்தை நினைவில் சுமந்துகொண்டு ஐந்தாவது சீட்டுவரை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ரயில் பெயரை இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு மற்ற பத்திகளைப் பக்கவாட்டில் நகரவிடும் செயலிகளும் சில இருக்கின்றன. பிரிக்லினும் ஃபிராங்ஸ்டனும் செய்தது அதேதான். இதில் டி எழுத்தைத் தட்ட வேண்டியதில்லை, அவ்வளவே வித்தியாசம்.